நோயுற்ற மாணவனின் பெயரை அழிக்கலாமா?

(கண்டி நகரில் மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்தார்கள். நாமோ நோயையும் சேர்த்துப் பேசுவோம் என்றோம். விளையாட்டு விழாக் காலத்தில் நோயின் பெயரை எடுப்பது அமங்கலம் என்று கருதும் பெரியோர் எம்மிடையே உளர். அவர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். போகம்பறை மைதானத்திலே பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டிகளை ஆண்டுதோறும் பார்த்து வருவோருக்கு ஒரு காட்சி புதிதன்று. சென்ற ஆண்டு நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பையன் இவ்வாண்டு மைதானத்தின் ஓரத்திலும் இல்லை. எங்கே என்று கேட்டால், "அவனுக்குச் சுகமில்லை, சேர்" என்று ஒரே வரியில் மறுமொழி வரும். அதற்கு மேல் எவரும் கேட்பதில்லை. ஓட்டக்காரர் பட்டியலிலிருந்து அவன் பெயரைக் கோடு கிழித்து அழித்து விடுகிறோம். சில மாதங்கள் கழிந்தால் வகுப்பு இடாப்பிலிருந்தும் அப்பெயர் போய்விடுகிறது. அழித்தது யார்? நோயா, நாமா? இதுவே இன்று நாம் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

கண்டியிலே இதைப் பேசுவதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. இவ்வூரின் அஸ்கிரிய மைதானத்தில் 2007ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் என்ன நடந்தது என்பதை இங்குள்ள மாணவர் எவருக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்தையா முரளிதரன் தமது 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி உலகில் முதல்வரான நாள் அது. அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத் தொழிலுக்கு வந்தவர். தந்தையார் பிஸ்கட் தொழில் நடத்தியவர். பிள்ளை கட்டுகஸ்தோட்டை அந்தோனியார் கல்லூரியில் படித்தார். பிறவியிலேயே அவருடைய வலக்கை முழங்கையை முற்றாக நிமிர்த்த இயலாது. பதினான்கு வயது வரை வேகப்பந்து வீசிவந்த அந்தப் பையனைப் பார்த்து, நீ சுழற்பந்து வீசிப்பார் என்றவர் கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு யோசனையில் ஒரு வாழ்க்கையின் திசை திரும்பிற்று.

பின்னர் நடந்ததையும் அறிவீர்கள். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேணில், ஐம்பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, நடுவர் ஒருவர் இவர் பந்தை ஏழு தடவை செல்லாது என்றார். கை வளைந்திருக்கிறது, ஆகவே எறிகிறான் என்பது குற்றச்சாட்டு. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவருடைய கையை ஒளிப்படக் கருவிகளால் அளந்து பார்த்தார்கள். கண்ணுக்கு எறிதலாகத் தோன்றியதில் பெரும்பகுதி, பிறவியில் வளைந்த முழங்கையும் அசாதாரணமாகச் சுழலும் மணிக்கட்டும் தோள்மூட்டும் சேர்ந்து காட்டிய தோற்றமே என்று கண்டார்கள். 2010ஆம் ஆண்டு காலியில் 800 விக்கெட்டுகளோடு அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

இஃது நோயன்று, உடலமைப்பு என்று வைத்தியர்கள் எம்மைத் திருத்துவார்கள். சரியே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். உடலில் ஒரு வேறுபாட்டைக் கண்டதும் தீர்ப்புக் கூறுவோர் ஒரு வகையினர். அளந்து பார்ப்போம், இந்த உடலால் எது முடியும் என்று தேடுவோம் என்போர் மற்றொரு வகையினர். சுனில் பெர்னாண்டோ இரண்டாம் வகை. எமது பாடசாலைகளில் எந்த வகை மிகுதி என்பதை ஆசிரியர்களே தமக்குள் கேட்டுக் கொள்ளட்டும்.

இனி உண்மையாகவே கொடிய நோய்வாய்ப்பட்ட ஒரு மாணவியின் கதைக்கு வருவோம். அவள் எமது இனத்தவள் அல்லள். எமது நாட்டவளும் அல்லள். ஆயினும் இந்தக் கதையைக் கேட்கும் தோட்டத்துத் தாய் எவளும், இது அடுத்த லயத்தில் நடந்தது போலல்லவா இருக்கிறது என்பாள்.

அமெரிக்காவின் தென்பகுதியில் டெனசி என்றொரு மாநிலம். அங்கே கிளார்க்ஸ்வில் என்ற சிற்றூர்ப் பக்கத்தில் 1940ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் வில்மா றுடோல்ப் பிறந்தாள். தகப்பன் புகையிரதத்தில் சுமை தூக்குபவர். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்பவள். தகப்பனின் இரு தாரத்துப் பிள்ளைகளையும் சேர்த்தால் இருபத்திரண்டு, வில்மா இருபதாவது. மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தை. நிறை இரண்டு கிலோவளவே. நிமோனியா வந்தது, செங்காய்ச்சல் வந்தது. ஐந்து வயதளவில் இளம்பிள்ளை வாதமும் வந்து இடக்காலைச் செயலிழக்கச் செய்தது.

கறுப்பின மக்களுக்கு அவ்வூரில் தக்க வைத்தியம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவில், நாஷ்வில் நகரில், மெஹாரி வைத்தியக் கல்லூரி என்று ஒன்று இருந்தது. கறுப்பின இளைஞரை வைத்தியராக்குவதற்கென 1876ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி அது. ஐம்பது மைல் என்றால் இங்கிருந்து நுவரெலியா வரை உள்ள தூரம். அவ்வளவு தூரம் அந்தத் தாய் மகளைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் பேருந்தில் போனாள். அதுவும் கறுப்பினத்தவர் பின்னாசனத்தில்தான் அமரலாம் என்ற சட்டம் இருந்த நாளில். ஒரு தடவையன்று, இரண்டு தடவையன்று; இரண்டு ஆண்டுகள் போனாள்! வீட்டில் செய்யவேண்டிய பிடித்துவிடும் முறைகளை வைத்தியர்கள் அவளுக்குக் கற்பித்தார்கள். அவள் மூத்த பிள்ளைகளுக்குக் கற்பித்தாள். நாளொன்றுக்கு நான்கு தடவை, ஒருவர் மாறி ஒருவராகச் சகோதர சகோதரிகள் அந்த மெலிந்த காலைப் பிடித்துவிட்டார்கள்.

இங்கே சற்று நின்று, இந்நோய் உடலில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுவோம். ஏனெனில் கமக்காரர்களாகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். மலத்தால் அசுத்தமான நீரினூடாகவும் உணவினூடாகவும் வாய்வழி புகும் நுண்கிருமி குடலிற் பெருகுகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது போய்விடும். தொற்றியோரில் இருநூறில் ஒருவரளவில் மட்டும் அது முள்ளந்தண்டு வடத்தினுள் சென்று, தசைகளை இயக்கும் நரம்புக் கலங்களை அழிக்கிறது. கால் கெடவில்லை; காலுக்கு நீர் கொண்டு போகும் வாய்க்கால் உடைந்துவிட்டது. உடைந்த வாய்க்கால் திரும்பக் கட்டப்படுவதில்லை. ஆனால் தப்பிய பக்கத்து வாய்க்கால்கள் புதுக் கிளைகள் விட்டு, காய்ந்த வயலின் சில பாத்திகளுக்கேனும் நீர் பாய்ச்சத் தொடங்கும். அந்தக் கிளைகள் விடும் மாதங்களில் தசையை விறைத்துப் போகவும் சுருங்கவும் விடாமல் காத்தால் பயனுண்டு. நாளுக்கு நான்கு தடவை பிடித்துவிட்ட பிள்ளைகளின் கைகள் செய்தது அந்த வேலைதான். அற்புதம் என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அது உழைப்பு.

இரும்புக் கவசம் பூட்டிய காலோடு நடந்த அந்தச் சிறுமி பன்னிரண்டு வயதளவில் அதைக் கழற்றினாள். பாடசாலையிற் கூடைப்பந்து ஆடினாள். அங்கே அவளை எட் டெம்பிள் என்ற பயிற்றுநர் கண்டார். அவர் டெனசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்றுநர். கல்லூரிக்குப் பணவசதி போதாத காலத்தில் மாணவியரைத் தமது சொந்த மோட்டார் வண்டியில் ஏற்றிப் போட்டிகளுக்குக் கொண்டு சென்றவர். 1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக்கில், இன்னும் பாடசாலை மாணவியாயிருந்த வில்மா, அஞ்சலோட்டத்தில் வெண்கலம் பெற்றாள். 1960ஆம் ஆண்டு றோமாபுரியில் நூறு மீற்றர், இருநூறு மீற்றர், நான்கு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டப் போட்டிகளில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவளே.

பத்திரிகைகள் பெரும்பாலும் இத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. எம்மைக் கவர்ந்த பகுதி இதற்குப் பின்னர்தான் இருக்கிறது. ஊர் திரும்பிய அவளுக்குக் கிளார்க்ஸ்வில் நகரம் வரவேற்பளிக்க எண்ணிற்று. வெள்ளையருக்கு வேறாகவும் கறுப்பினத்தவருக்கு வேறாகவும் நடத்துவது அவ்வூர் வழக்கம். அப்படியாயின் வரமாட்டேன் என்று இருபது வயதுப் பெண் மறுத்துவிட்டாள். ஊர்வலமும் விருந்தும் இரு இனத்தாருக்கும் பொதுவாகவே நடந்தன. அந்நகர வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதன்முறை.

அப்புறம்? 1962இல் ஓட்டத்தை விட்டாள், வயது இருபத்திரண்டு. 1963இல் ஆரம்பக் கல்வியிற் பட்டம் பெற்றாள். எங்கே போனாள் என்று நினைக்கிறீர்கள்? தான் சிறுமியாய்ப் படித்த அதே ஆரம்பப் பாடசாலைக்கு ஆசிரியையாகத் திரும்பினாள். தான் கூடைப்பந்து ஆடிய அதே உயர்தரப் பாடசாலையின் ஓட்டப் பயிற்றுநரானாள். உலகம் முழுவதும் பெயர் தெரிந்த பெண், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பின்னாளில் சம்பளக் குறைவாலும் வேறு காரணங்களாலும் பல வேலைகள் மாற நேர்ந்தது என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். தங்கப் பதக்கம் அடுப்பெரிக்காது. 1994ஆம் ஆண்டு மூளைக் கட்டியால் இறந்தாள்.

அதே நாட்டில், அதே நோயுற்ற இன்னொரு பெண்ணும் இருந்தாள். ரென்லி ஓல்பிறைற் என்பது பெயர். பொஸ்ரன் நகர்ப் பக்கத்தவள். தந்தை சத்திர சிகிச்சை நிபுணர். பதினொரு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டது. தேறியபின் பனிச்சறுக்கலுக்குத் திரும்பினாள். 1956இல் ஒலிம்பிக் தங்கம் வென்றாள். போட்டிக்கு இரு வாரங்கள் இருக்கையில் சறுக்குக் கத்தி கணுக்காலை எலும்புவரை வெட்டியது. தந்தையே கடல் கடந்து வந்து காயத்தைத் தைத்தார். 1961இல் ஹார்வர்ட் வைத்தியக் கல்லூரியிலிருந்து வெளியேறித் தானும் சத்திர சிகிச்சை நிபுணரானாள்.

இருவருடைய மனத்துணிவிலும் குறைவு கூற இயலாது. ஆனால் ஒருத்தியின் வைத்தியர் வீட்டிலேயே இருந்தார். மற்றவளுடைய வைத்தியர் ஐம்பது மைலுக்கப்பால், பேருந்தின் பின்னாசனத்திற்கு அப்பால் இருந்தார். துணிவு எல்லாக் குடிசைகளிலும் பிறக்கிறது. பேருந்துக் கட்டணமும் ஒருநாட் சம்பளமும் எல்லாக் குடிசைகளிலும் இல்லை. மெஹாரி என்ற அந்தக் கல்லூரி இல்லாதிருந்தால், அந்தத் தாய் எங்கே போயிருப்பாள்? படித்தவர்களாகிய நீங்கள், வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும், இதைச் சிந்திக்க வேண்டும்.

எமக்கு அண்மையில் வருவோம். பெங்களூரைச் சேர்ந்த மாலதி ஹொள்ளா என்ற அம்மையார் 1958இல் பிறந்தவர். ஓராண்டுக் குழந்தையாயிருக்கையில் வந்த காய்ச்சல் உடலை முடக்கிற்று. ஈராண்டுகள் மின்னதிர்வுச் சிகிச்சை செய்து உடம்பின் மேற்பாகம் வலுப்பெற்றது. பின்னர் அவரைச் சென்னையில் ஓர் எலும்பு வைத்திய நிலையத்தில் விட்டார்கள். பதினைந்து ஆண்டுகள்! மற்றப் பிள்ளைகள் தாயின் மடியில் வளர்ந்த காலமெல்லாம் இவர் சத்திர சிகிச்சைக்கும் அடுத்த சத்திர சிகிச்சைக்கும் இடையில் வளர்ந்தார். தமிழ்நாட்டின் தலைநகரில், தம்மைப் போன்ற பிள்ளைகளிடையே, விளையாட்டு அவருக்கு மனத்தை மீட்டுத் தந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஈட்டியும் குண்டும் தட்டும் எறிந்தார்; 1988ஆம் ஆண்டு சியோலிலும் பின்னர் பாசிலோனாவிலும் நடந்த பராலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார். வங்கியொன்றில் வேலை பார்த்தார். 2001இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. நண்பர்களோடு சேர்ந்து, ஊனமுற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக மாத்ரு என்ற இல்லத்தை நிறுவினார். மாத்ரு என்றால் தாய். தாயைப் பிரிந்து வளர்ந்தவர் அந்தப் பெயரை ஏன் தேர்ந்தார் என்று நாம் விளக்கப் போவதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இத்தகைய வரலாறுகளைச் சொல்லிச் சொல்லி, நோயுற்ற ஒவ்வொரு பிள்ளையும் பதக்கம் வாங்கியே தீரவேண்டும் என்று எதிர்பார்ப்பது பெருங்கொடுமை. பெரும்பாலோர் பழையபடி ஓட மாட்டார்கள். சிலர் ஒருபோதும் ஓட மாட்டார்கள். அவர்கள் தோற்றவர்கள் அல்லர். வில்மா மூன்றாவதாக வந்திருந்தாலும், ஓடாமலே இருந்திருந்தாலும், இரண்டாம் வகுப்பு ஆசிரியையாகும் உரிமை அவளுக்கு இருந்தது. நோயுற்ற மாணவனுக்கு நாம் கேட்பது பதக்கம் அன்று. அவனுடைய பெயர் இடாப்பில் இருக்கவேண்டும் என்பதே.

எமது நாட்டு நிலைமை என்ன? இளம்பிள்ளை வாதத்தைப் பொறுத்தவரை, நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம். 1962ஆம் ஆண்டுக் கொள்ளையில் இலங்கையில் 1,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே வாய்வழித் தடுப்புமருந்து கொடுக்கத் தொடங்கினர். 1993க்குப் பின்னர் இந்நாட்டில் ஒரு பிள்ளையும் இந்நோயால் முடங்கவில்லை. 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே இந்நோயற்றது எனச் சான்று பெற்றது. வீடு வீடாகப் போன குடும்பநல மாதர்களும், வரிசையில் நின்ற தாய்மாரும், இலவச வைத்தியமும் சேர்ந்து செய்த காரியம் இது. அரசைக் குறைகூற நாம் தயங்குவதில்லை என்பதை அறிவீர்கள். செய்ததைச் செய்தது என்றும் சொல்லவேண்டுமன்றோ?

ஆனால் வேறொரு நோய் இருக்கிறது. ஓடுகிற பிள்ளைகளின் மூட்டுகளில் தோன்றி இருதயத்தில் குடியேறுவது. வாதக் காய்ச்சல் என்பார்கள். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்களையே பெரும்பாலும் பிடிக்கும். முதலில் தொண்டை நோ. அது தானாகவே ஆறிவிடும், எவரும் பொருட்படுத்தமாட்டார். இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கும், இரண்டு நாளில் அது வற்றிக் கணுக்கால் வீங்கும், பின்னர் மணிக்கட்டு. விளையாடுகிற பிள்ளை, எங்கோ சுளுக்கிக் கொண்டான் என்று எண்ணெய் பூசுகிறோம். மூட்டு நோவு சுவடின்றிப் போய்விடும். உள்ளே இருதயத்தின் கதவுகள் தடித்துச் சுருங்கத் தொடங்கியிருக்கும். ஓராண்டு, ஈராண்டு கழித்து மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது; ஓட்டத்தில் பின்தங்குகிறான். சோம்பேறி என்கிறோம். பட்டியலில் கோடு கிழிக்கிறோம்.

இந்நோய் யாருடைய நோய்? நெருக்கமாக வாழ்வோரின் நோய் என்று வைத்திய நூல்கள் ஒருமுகமாகக் கூறுகின்றன. ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும்படி ஏழு பேர், எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்தால் தொண்டைக் கிருமி ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தாவுகிறது. வெள்ளையன் கட்டிவைத்த லயத்து அறைகளை நீங்கள் அறிவீர்கள். உங்களிற் பலர் அவற்றிலேதான் பிறந்தீர்கள். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின; 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின; லயங்கள் பல அப்படியே நிற்கின்றன. உணவின் நிலையோ? 2016ஆம் ஆண்டு அரசு நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்குப் பதினேழு; தோட்டப் பகுதியில் நூற்றுக்கு முப்பத்திரண்டு அளவில். இந்தப் பிள்ளைகளைத்தான் நாம் ஓட்டக் கோட்டில் நிறுத்தி, தயார் என்கிறோம்.

தொண்டை நோவுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கொடுத்தால் வாதக் காய்ச்சல் வராது. வந்துவிட்டாலும், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி, பல ஆண்டுகள், தவறாமற் போட்டுவந்தால் இருதயம் மேலும் கெடுவதைத் தடுக்கலாம். மருந்து அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். இலவசமில்லாதது எது? மலையிலிருந்து கண்டிக்கு வரும் பேருந்துக் கட்டணம். கொழுந்தெடுக்கப் போகாத நாளின் சம்பளம். பாடசாலைக்குப் போகாத பிள்ளையின் பாடம். சுகமாய் ஓடியாடித் திரிகிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். நான்காம் மாதம் ஊசி தவறும். வில்மாவின் தாய் ஏறிய பேருந்து இதுதான், அம்மா! அதைத் தவறவிடாதீர்கள்.

பயிற்றுநர்களுக்கும் ஒரு சொல். வாதக் காய்ச்சல் வந்த பிள்ளை ஓடலாமா, எவ்வளவு ஓடலாம் என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர் இருதய வைத்தியர். வீரம் பேசி ஓடவிடுவதும் தவறு. பயந்து ஒதுக்கிவிடுவதும் தவறு. வைத்தியர் இவ்வாண்டு ஓடவேண்டாம் என்றால், அவன் கையில் நேரக் கடிகாரத்தைக் கொடுங்கள். ஓட்டக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். நோயாளியாகப் பல நாள் படுத்திருந்தவனுடைய கண் கூர்மையானது. பக்கத்தில் ஓடுபவன் நொண்டுவதை எமக்குமுன் அவன் காண்பான்.

அந்தக் கண்ணைப் பற்றித்தான் கடைசியாகப் பேசவேண்டும். நாம் கூறிய மூவரையும் பாருங்கள். ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி வைத்தியர், ஒருத்தி ஊனமுற்ற பிள்ளைகளுக்குத் தாய். மூவரும் தாம் படுத்த கட்டிலின் பக்கத்துக் கட்டிலை மறக்கவில்லை. மாணவர்களே, எதைப் படிப்பது, எந்தத் தொழிலுக்குப் போவது என்று கேட்டு எமக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் வைத்திய பீடம் இருக்கிறது. தாதியர் தொழிலையும், பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவத்தையும், மருந்தாளர் கல்வியையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் பீடமும் அங்கேயே இருக்கிறது. கண்டியில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. எல்லாரும் வைத்தியராகவே வேண்டும் என்ற எமது பழைய பைத்தியத்தை விட்டால், நோயாளியோடு நாள்முழுதும் நிற்கும் இத்தொழில்களின் பெருமை தெரியும். காலைப் பிடித்துவிட்ட சகோதரிகளைப் பற்றிச் சொன்னோமே, அதைக் கல்வியாகப் பயின்றவரே இயன்மருத்துவர். உங்களில் யாருக்கேனும் நோய் ஓர் ஆண்டைத் தின்றிருந்தால், அவ்வாண்டு வீணாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். எந்தக் கல்லூரியும் கற்பிக்க இயலாத ஒரு பாடத்தை அவ்வாண்டில் கற்றிருக்கிறீர்கள்.

தமிழ் பேசும் தாதியும் இயன்மருத்துவரும் ஏன் வேண்டும் என்பதற்கு எமது வாழ்விலிருந்தே ஒன்று கூறுவோம். அது எமக்குப் பெருமை தருவதன்று. சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டு வைத்தியசாலையொன்றில் வரிசையில் நின்றோம். பெயர் வேண்டாம். எமக்கு முன்னால் ஒரு தோட்டத்துத் தாய், பதின்மூன்று வயது மதிக்கத்தக்க மகனோடு நின்றாள். நெஞ்சு படபடக்கிறது என்பதைச் சிங்களத்திற் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. கையை நெஞ்சில் வைத்தாள், வயிற்றில் வைத்தாள், மறுபடி நெஞ்சில் வைத்தாள். துண்டெழுதிய பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவளைக் குறைகூற மாட்டோம், அவள் முன்னே நூறு பேர் நின்றார்கள். வயிற்று நோ என்று எழுதி அனுப்பிவிட்டாள். 1987ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது உண்மைதான். சட்டப் புத்தகத்தில் இருந்த தமிழ் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

நாம் என்ன செய்தோம்? எமக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். வாய் திறந்தால் வரிசை போய்விடும், மதியத்துக்கு முன் வீடு திரும்ப முடியாது என்று எண்ணிப் பேசாமல் நின்றோம். நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளிதான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, அந்தத் தாயையும் மகனையும் திரும்ப அழைத்து வந்து, இரண்டு மொழியிலும் பேசி, துண்டை மாற்றி எழுதச் செய்தார். மேடைதோறும் மொழியுரிமை பேசிய நாம் அவர் முகத்தைப் பார்க்க இயலாமல் நின்றோம். அந்தப் பையன் என்னவானான் என்று எமக்குத் தெரியாது. கேட்டறியும் உரிமையை அன்றே இழந்துவிட்டோம்.

ஆகவே கூட்டம் கலையுமுன் ஒன்று. மண்டப வாயிலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இரு மொழியும் தெரிந்தவர்கள், வாரத்தில் ஒரு காலைப்பொழுது வைத்தியசாலை வரிசைகளில் நின்று, மலையிலிருந்து வரும் தாய்மாருக்காகப் பேச இயன்றவர்கள், அதில் தம் பெயரையும் வரக்கூடிய கிழமையையும் எழுதுக. பிள்ளைக்கு ஊசித் தவணை உள்ள பெற்றோர், பின்பக்கத்து ஏட்டில் அந்தத் தேதியை எழுதுக. பேருந்துக் கட்டணம் இயலாதவர்கள் அதையும் கூச்சமின்றிக் குறிப்பிடுக. முன்பக்கத்தில் முதற் பெயர் எம்முடையது. செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருக்கிறோம்.